பேர் வைக்காத பிள்ளைகள்: இறந்தே பிறந்த குழந்தைகளை எங்கே புதைத்தார்கள்?

(ஆடியோ எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை. இன்னிக்கு எபிசோட் முழுக்க இறந்தே பிறந்த குழந்தைகளைப் பத்தினது. உங்க வீட்டுலயோ உங்களுக்குத் தெரிஞ்சவங்க வீட்டுலயோ சமீபத்துல அப்படி நடந்திருந்தா, இதை இன்னிக்கே கேட்டாகணும்னு ஒண்ணும் இல்ல. வேற ஒரு நாள் வாங்க, எபிசோட் இங்கேயேதான் இருக்கும்.

சரி. எகிப்துல இருந்து தொடங்கலாம்.

1922இல் ஹோவர்ட் கார்ட்டர் துட்டன்காமுன் கல்லறையைக் கண்டுபிடிச்ச கதை எல்லாருக்கும் தெரியும். தங்க முகமூடி, ரதம், சிம்மாசனம். ஆனா அந்தக் கல்லறையோட பொக்கிஷ அறையில ரொம்ப சாதாரணமான ஒரு மரப்பெட்டியும் இருந்துச்சு. அதுக்குள்ள ரெண்டு குட்டி சவப்பெட்டி, ஒண்ணோட தலைமாட்டுல இன்னொண்ணோட கால்மாடு வர்ற மாதிரி வெச்சிருந்தாங்க. ஒவ்வொண்ணுக்குள்ளயும் தங்க முலாம் பூசின இன்னொரு பெட்டி. அதுக்குள்ள ஒரு சின்ன மம்மி. ஒண்ணு அஞ்சு மாசக் கரு. இன்னொண்ணு கிட்டத்தட்ட மாசம் நிறைஞ்ச குழந்தை. ரெண்டுமே பெண். 2010இல் வெளியான மரபணு ஆய்வு, இவை அந்த இளம் ராஜாவோட சொந்த மகள்களா இருக்க வாய்ப்பு அதிகம்னு சொல்லுது.

மம்மி ஆக்குறதுன்னா வாரக்கணக்குல நடக்கிற வேலை. ராஜாவுக்கு என்ன மரியாதையோ அதே மரியாதையை ஒரு சாண் உடம்புக்கும் செஞ்சிருக்காங்க. ஆனா சவப்பெட்டி மேல பேர் இருக்கிற இடத்துல பேர் இல்லை. இறந்தவர்களைக் குறிக்கிற பொதுச்சொல்லான 'ஓசிரிஸ்' மட்டும்தான் எழுதியிருக்கு. பூமியில ஒரு நாள் கூட வாழாத பிள்ளைக்கு மறுமைக்கான ஏற்பாடு எல்லாம் ரெடி, கூப்பிட மட்டும் பேர் கிடையாது.

இந்தத் தலைப்பை நான் எடுக்கக் காரணம் ஒரு வாக்கியம். நீங்களும் கேட்டிருப்பீங்க. "அந்தக் காலத்துல பத்து பெத்தா நாலு போகும், அதனால யாரும் பெருசா எடுத்துக்க மாட்டாங்க." நம்ம வீட்டுப் பெரியவங்க மட்டும் இல்ல, 20ஆம் நூற்றாண்டுல சில பெரிய ஐரோப்பிய வரலாற்றாசிரியர்களும் ஏறக்குறைய இதையேதான் எழுதினாங்க. குழந்தை இறப்பு அதிகமா இருந்த காலத்துல பெத்தவங்க பிள்ளைங்க மேல அதிகம் பாசம் வெச்சுக்கலைன்னு. எனக்கு இது சரின்னு தோணலை. புத்தகத்துல எழுதினது ஒண்ணு, மண்ணுக்குள்ள கிடைக்கிறது வேற ஒண்ணா இருக்கு.

உதாரணத்துக்கு கிரேக்கத்துல அஸ்டிபாலயான்னு ஒரு சின்னத் தீவு. அங்க ஒரு மலைச்சரிவுல பானைகளுக்குள்ள வெச்சுப் புதைச்ச பச்சிளம் குழந்தைகளோட எலும்புகள் கிடைச்சிருக்கு. எத்தனை தெரியுமா? 2,400க்கு மேல. பண்டைய உலகத்துல குழந்தைகளுக்குன்னே இருந்த இடுகாடுகள்ல இதுவரை தெரிஞ்சதுல மிகப் பெரியது இதுதான். பல நூற்றாண்டு காலம் அதே இடத்துக்கு, பெரும்பாலும் பிறக்கும்போதோ பிறந்த உடனேயோ இறந்த பிள்ளைகளைக் கொண்டு வந்திருக்காங்க. எண்ணெயோ மதுவோ வந்த ஜாடியை எடுத்து, பக்கவாட்டுல ஓட்டை போட்டு, உள்ளே பிள்ளையைப் படுக்க வெச்சு, உடைச்ச துண்டாலேயே அடைச்சு மூடியிருக்காங்க. வேண்டாம்னு தூக்கிப் போடுறவங்க இவ்வளவு மெனக்கெட மாட்டாங்க, இல்லையா?

இப்ப ஐரோப்பாவுக்கு வருவோம். இங்கதான் விஷயம் சிக்கலாகுது. காரணம் ஞானஸ்நானம்.

கிறிஸ்தவத்துல ஞானஸ்நானம் வாங்காதவங்களுக்கு மோட்சம் இல்லைன்னு ஆரம்பத்துலயே ஒரு பிரச்சினை வந்துடுச்சு. அப்ப பிறந்த உடனே செத்த குழந்தை? 5ஆம் நூற்றாண்டுல புனித அகஸ்டின் ரொம்பக் கறாரா இருந்தார். நரகம்தான், ஆனா அதுலயே மிக லேசான தண்டனைன்னார். பிற்காலத்து இறையியலாளர்களுக்கே அது உறுத்தி, 'லிம்போ'ன்னு நடுவுல ஒரு இடத்தை யோசிச்சாங்க. வேதனை இல்லாத இடம், ஆனா கடவுளைப் பார்க்கவும் முடியாது. உயிரோட பிறந்து சாகக் கிடக்கிற குழந்தைக்கு மருத்துவச்சியே தண்ணீர் ஊத்தி ஞானஸ்நானம் கொடுக்கலாம், அதுக்கு அனுமதி உண்டு. ஆனா இறந்தே பிறந்துட்டா ஒண்ணும் செய்ய முடியாது. செத்தவங்களுக்கு ஞானஸ்நானம் கிடையாது. ஞானஸ்நானம் இல்லைன்னா மந்திரிச்ச கல்லறைத் தோட்டத்துல இடமும் கிடையாது.

யோசிச்சுப் பாருங்க. தாயும் தகப்பனும் ஒரு நாள் அந்தத் தோட்டத்துலதான் படுக்கப் போறாங்க. பிள்ளை மட்டும் வேலிக்கு வெளியே. அதுவும் நிரந்தரமா.

இந்தச் சட்டத்துக்குள்ள மக்கள் என்னென்ன சந்து கண்டுபிடிச்சாங்கன்றதுதான் எனக்குப் பிடிச்ச பகுதி. ஒண்ணு, தேவாலயச் சுவரை ஒட்டி, கூரையில இருந்து மழைத்தண்ணி சொட்டுற இடத்துல பிள்ளையைப் புதைக்கிறது. இங்கிலாந்து, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து அகழாய்வுகள்ல கூரை விளிம்புக்கு நேர் கீழே குட்டிக் குட்டிக் குழிகள் வரிசையா கிடைச்சிருக்கு. கோயில் கூரை புனிதம், அதுல பட்டு விழுற தண்ணியும் புனிதம், அது மண்ணுல இறங்கி பிள்ளை மேல படும்னு ஒரு கணக்கு. ஜெர்மன் மொழியில இந்தப் பிள்ளைகளுக்குக் 'கூரைச்சொட்டுக் குழந்தைகள்'ன்ற மாதிரி ஒரு பேரே உண்டு. பாதிரியார் ஊத்த மறுத்த தண்ணியை மழை ஊத்தட்டும்னு விட்டிருக்காங்க.

இரண்டாவது வழி இன்னும் விசித்திரம். சுவிட்சர்லாந்துல பெர்ன் பக்கம் ஓபர்பியூரன்னு ஒரு மேடு. 15ஆம் நூற்றாண்டோட கடைசியில அங்க ஒரு மாதா கோயில் ரொம்பப் பிரபலம். இறந்தே பிறந்த குழந்தைகளைத் துணியில சுத்தித் தூரத்து ஊர்கள்ல இருந்தெல்லாம் அங்க எடுத்துக்கிட்டு வந்தாங்க. எதுக்கு? ஒரே ஒரு நொடி உயிர் வரணும்னு. அந்த ஒரு நொடியில ஞானஸ்நானம் கொடுத்துட்டா போதும்.

அங்க என்ன நடந்துச்சுன்னு நமக்குத் தெரியக் காரணம், அதைப் பிடிக்காத ஒருத்தர் எழுதின புகார்க் கடிதம். கான்ஸ்டன்ஸ் நகரத்துப் பிஷப் 1486இல் ரோமுக்கு எழுதினார். இந்த வேலைக்குன்னே இருந்த பெண்கள் குழந்தையைக் கனல் கரிக்கும் எரியுற மெழுகுவத்திகளுக்கும் நடுவுல வெச்சு உடம்பைச் சூடாக்குவாங்களாம். அப்புறம் உதட்டு மேல ஒரு இறகை வைப்பாங்க. இறகு அசைஞ்சா மூச்சு வந்துடுச்சுன்னு அர்த்தம். உடனே தண்ணி, மந்திரம், ஆலய மணி, அடக்கம். சூடான காத்து மேலே எழும்பும், இறகு அசையத்தானே செய்யும்! பிஷப்புக்கும் அது தெரிஞ்சுதான் மூடநம்பிக்கைன்னு எழுதினார். 2,000க்கு மேற்பட்ட குழந்தைகளை இப்படிக் கொண்டு வந்துட்டாங்கன்னும் அந்தக் கடிதம் சொல்லுது.

1528இல் பெர்ன் சீர்திருத்த சபைக்கு மாறினதும் அந்தக் கோயிலை இடிச்சுட்டாங்க. கதையும் ஏதோ வதந்தி மாதிரி ஆயிடுச்சு. அப்புறம் 1990கள்ல அங்க அகழாய்வு நடந்தப்ப, ஏறக்குறைய 250 பச்சிளம் குழந்தைகளோட எலும்புக்கூடுகள் வெளியே வந்துச்சு. அதுல சில, மாசக்கணக்குல முன்கூட்டியே பிறந்த, எந்த வகையிலயும் உயிர் பிழைச்சிருக்க முடியாத அளவுக்குச் சின்னது. கடிதம் சொன்னது நிஜம்.

அந்தப் பெண்களை ஏமாத்துக்காரங்கன்னு சொல்லிட்டுப் போறது சுலபம். எனக்கு அப்படிச் சொல்ல மனசு வரலை. பிரசவமாகி ரெண்டு மூணு நாள் ஆன உடம்பைத் தூக்கிக்கிட்டு ஒரு அப்பன் மலைப்பாதையில நடந்து வர்றான். இறகு அசைஞ்சதுன்னு ஒருத்தர் சொன்னா, அவன் பிள்ளைக்கு ஒரு இடம் கிடைக்கும். பிரான்ஸ்லயும் இந்த மாதிரிக் கோயில்கள் நூத்துக்கணக்குல இருந்துச்சு. ரோம் 18ஆம் நூற்றாண்டுல கண்டிச்சும் உடனே நிக்கலை.

அயர்லாந்துல கதை இன்னும் கிட்டத்துல வருது. அங்க 'கில்லீன்'னு ஒரு சொல். ஞானஸ்நானம் இல்லாத குழந்தைகளைப் புதைக்கிற இடம். நாடு முழுக்க 1,400 போலப் பதிவாகியிருக்கு, மேற்கு மாவட்டங்கள்ல நிறைய. எங்கே இருக்கும்னா, இடிஞ்சு போன பழைய கோயில், யாரும் கை வைக்கப் பயப்படுற பழங்கால வட்டக் கோட்டை மேடு, ரெண்டு ஊருக்கு நடுவுல எல்லை, நாலு ரோடு கூடுற இடம், கடலோரம், ஒத்தையா நிக்கிற முள்மரத்தடி. எதுவுமே முழுசா யாருக்கும் சொந்தமில்லாத இடம், கவனிச்சீங்களா? லிம்போவுக்கு பூமியில ஒரு விலாசம் மாதிரி.

இருட்டினப்புறம்தான் போவாங்க, இல்லன்னா விடியறதுக்கு முன்னாடி. அப்பாவோ மாமா சித்தப்பாவோ, கையில ஒரு சின்ன மரப்பெட்டி, அவ்வளவுதான். பாதிரியார் வரமாட்டார். அம்மா வரமாட்டாள். அவள் படுக்கையில இருப்பாள், தீட்டு கழிக்கிற சடங்கு முடியற வரைக்கும் கோயிலுக்குள்ளயும் வரக் கூடாது. பல அம்மாக்களுக்கு இடம் எங்கேன்னே சொல்லலை. தற்கொலை பண்ணிக்கிட்டவங்க, கரை ஒதுங்கின முகம் தெரியாத மாலுமிகள், இவங்களுக்கும் அதே இடம்தான். தெரியாம ஒரு குழந்தையோட குழியை மிதிச்சா வழி தப்பி இரவு முழுக்க அதே வயல்ல சுத்துவோம்னு ஒரு நம்பிக்கையும் இருந்துச்சு.

ரொம்ப நாளா இந்த இடங்களைக் கைவிடப்பட்ட பிள்ளைகளோட குப்பைமேடு மாதிரிதான் பேசினாங்க. பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்துல எலும்பியல் தொல்லியல் ஆய்வாளரான ஐலீன் மர்ஃபி மாதிரியானவங்க அதைத் திருப்பிப் போட்டாங்க. குழி ஒழுங்கா வெட்டியிருக்கு. சவப்பெட்டி ஆணிகள் கிடைக்குது. மேலே வெள்ளை வெளேர்னு வெங்கச்சங்கல், அதாவது குவார்ட்ஸ் கூழாங்கல், பொறுக்கி வந்து வெச்சிருக்காங்க. தலைமாட்டுல செதுக்காத ஒரு சின்னக் கல். இருட்டுல ஒளிஞ்சு வந்த மனுஷன், கல்லு பொறுக்கி வந்திருக்கான். பேர் எழுத முடியாது, ஆனா அடுத்த தடவை வரும்போது அவனுக்கு மட்டும் எந்தக் கல்லுன்னு தெரியும்.

இது எப்போ வரைக்கும் நடந்துச்சுன்னு நினைக்கிறீங்க? 20ஆம் நூற்றாண்டு பாதி தாண்டியும். 1917 திருச்சபைச் சட்டத்துல ஞானஸ்நானம் இல்லாதவங்களுக்குத் திருச்சபை அடக்கம் கிடையாதுன்னு எழுத்துலயே இருந்துச்சு. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு அப்புறம், 1969இல் இப்படிப்பட்ட குழந்தைகளுக்கும் அடக்கச் சடங்கு முறை வந்துச்சு. லிம்போ பத்தி வத்திக்கானோட இறையியல் குழு, இந்தப் பிள்ளைகளும் மீட்புப் பெறுவாங்கன்னு நம்ப நல்ல காரணங்கள் இருக்குன்னு எழுதினது 2007இல். 2007! ஐபோன் வந்த வருஷம். இப்ப அயர்லாந்துல பல ஊர்ல கில்லீன்களுக்கு வேலி போட்டு, பலகை வெச்சு, பாதிரியாரே வந்து மந்திரிச்சுட்டுப் போறார்.

பேரில்லாத கல்லுன்னதும் உங்களுக்கு ஏதாவது ஞாபகம் வந்துச்சா? எனக்கு வந்தது சுமைதாங்கிக் கல். கிராமத்துப் பழைய ரோட்டோரத்துல ரெண்டு கல் நட்டு, மேலே குறுக்க ஒரு பலகைக்கல் போட்டிருப்பாங்க. தலைச்சுமையோட வர்றவங்க யார் துணையும் இல்லாம இறக்கி வெச்சுட்டு மூச்சு வாங்கலாம். நம்மில் பல பேர் அதை ஏதோ அந்தக் காலத்து பஸ் ஸ்டாப் மாதிரி நினைச்சுக் கடந்து போறோம். வயித்துல பிள்ளையோட இறந்துபோன பெண்ணோட நினைவா அந்தக் கல்லை நடுறது வழக்கம். அவள் இறக்கி வைக்காத சுமை, வழிப்போக்கன் ஒவ்வொரு தடவை சுமை இறக்கும்போதும் கொஞ்சம் குறையும்னு நம்பிக்கை. சில கல்லுல பேரும் வருஷமும் கூட வெட்டியிருக்கும். ஆனா அது அம்மாவோட பேர்தான். பிள்ளை அங்கேயும் பேரில்லாமதான்.

சங்கப் பாட்டுலயும் ஒரு இடம் உண்டு. புறநானூறு 74. சேரன் கணைக்கால் இரும்பொறை சோழன் செங்கணானோட சிறையில இருக்கும்போது, கேட்ட தண்ணி தாமதமா வந்த அவமானத்துல பாடினதாச் சொல்ற பாட்டு. பள்ளிக்கூடத்துல மானம் பத்தின பாட்டுன்னு படிச்சிருப்போம். அவர் ஒப்பிட்டுச் சொல்றது எதைன்னு கவனிங்க. தங்கள் குடியில குழந்தை இறந்தாலோ, வெறும் சதைப்பிண்டமா பிறந்தாலோ கூட, அதையும் ஒரு ஆளாகவே மதிச்சு வாளால வெட்டித்தான் அடக்கம் செய்வாங்கன்றார். போர்ல சாகாதவங்களுக்கு வாள் காயம் கொடுத்து வீரன் மாதிரி அனுப்புற வழக்கம் அது. இன்னிக்குக் கேட்டா உடம்பு சிலிர்க்குது, எனக்கு அது அழகான வழக்கம்னு சொல்ல வாய் வரலை. ஆனா அந்த உலகத்துல மரியாதைக்குன்னு இருந்த ஒரே மொழி வாள்தான், அதைப் பிறந்த சதைப்பிண்டத்துக்கும் பேசியிருக்காங்க. பொண்ணு பிறந்தா என்ன செஞ்சாங்கன்னு பாட்டு சொல்லலை.

இப்ப நான் உண்மையிலேயே பேச நினைச்ச பகுதி. இங்கிலாந்து. ஏன்னா நவீன ஆஸ்பத்திரி முறை உலகத்துல பல இடங்களுக்கு இங்கிருந்துதான் போச்சு.

19ஆம் நூற்றாண்டுல அங்க இறந்தே பிறந்த குழந்தைக்குப் பதிவே கிடையாது. பிறப்புப் புத்தகத்துலயும் இல்ல, இறப்புப் புத்தகத்துலயும் இல்ல. ஏழைக் குடும்பம்னா சவ அடக்கம் பண்ணித் தர்றவர்கிட்ட சில ஷில்லிங் கொடுப்பாங்க. அவர் அன்னிக்கு அடக்கமாகிற வேற யாரோ ஒரு பெரியவரோட சவப்பெட்டியில இந்தச் சின்னப் பொட்டலத்தையும் வெச்சு அனுப்பிடுவார். பதிவு இல்லாததால இன்னொரு பயமும் இருந்துச்சு. உயிரோட பிறந்த குழந்தையைக் கொன்னுட்டு, செத்துப் பிறந்துச்சுன்னு சொல்லிப் புதைச்சுடலாமே? 1874 சட்டம் அதைக் குற்றமாக்கி, புதைக்க எழுத்துல சான்று கேட்டது. 1926இல் சட்டம் வந்து, 1927 ஜூலையில இருந்து தனிப் பதிவேடு வந்துச்சு. 28 வாரத்துக்கு மேலன்னா பதிவு. 1992இல் அது 24 வாரமாச்சு.

கவனிங்க, பதிவேடு வந்ததுக்கு ஒரு பெரிய காரணம் சந்தேகம். துக்கம் இல்லை.

அப்புறம் பிரசவம் வீட்டுல இருந்து ஆஸ்பத்திரிக்குப் போச்சு. 1950, 60, 70கள். இப்ப உதட்டுல இறகு வைக்க யாரும் இல்ல. கல்லு பொறுக்கவும் யாரும் இல்ல. குழந்தை அழலைன்னதும் நர்ஸ் துணியில சுத்தி வேகமா வெளியே எடுத்துட்டுப் போயிடுவாங்க. அம்மா பார்த்தா மனசு உடைஞ்சிடும்னு, காட்ட மாட்டாங்க. தூக்க மருந்து கொடுப்பாங்க. அப்பாகிட்ட ஒரு பேப்பர்ல கையெழுத்து. "மத்ததை ஆஸ்பத்திரி பார்த்துக்கும்." வீட்டுக்குப் போங்க, சீக்கிரம் இன்னொண்ணு பெத்துக்கோங்க. ரெண்டு மூணு நாள்ல அம்மாவுக்குப் பால் கட்டும், அதுக்கும் மாத்திரை. பக்கத்துக் கட்டில்ல இன்னொருத்தியோட குழந்தை அழும்.

ஆஸ்பத்திரி என்ன பார்த்துக்கிச்சு? பல ஊர்ல, பல குழந்தைகளை ஒரே பொதுக் குழியில அடக்கினாங்க. அடையாளக் கல் கிடையாது. சில இடத்துல அதே 19ஆம் நூற்றாண்டு முறைதான், முன்பின் தெரியாத பெரியவரோட பெட்டிக்குள்ள. இதுல கொடூரம் பண்ணணும்னு யாரும் நினைக்கலை, நல்லது செய்றோம்னுதான் நினைச்சாங்க. அதனாலதான் இவ்வளவு நாள் நடந்துச்சுன்னு நினைக்கிறேன். ஓபர்பியூரன்ல ஏமாத்தினாங்கன்னு சொல்றோம். அந்த அம்மா அப்பாவுக்குப் பிள்ளை எங்கே படுத்திருக்குன்னாவது தெரியும்.

1968இல் ஸ்டான்ஃபோர்ட் போர்ன்னு ஒரு மனநல மருத்துவர், இறந்தே பிறந்த குழந்தைகளோட அம்மாக்களைப் பத்தி அவங்க குடும்ப டாக்டர்கள்கிட்ட கேள்விகள் அனுப்பினார். ஒப்பிட, உயிரோட பிள்ளை பெத்த அம்மாக்களைப் பத்தியும் கேட்டார். முதல் வகை அம்மாக்களைப் பத்தி டாக்டர்களுக்குத் தெரிஞ்சது குறைவு, ஞாபகம் இருந்தது குறைவு, பதில் சொல்ற ஆர்வமும் குறைவு. டாக்டருக்கே அது தாங்க முடியலை, அதனால பார்க்காம விட்டுட்டாங்க.

1975இல் பெல் மூனின்னு ஒரு பத்திரிகையாளருக்கு மகன் இறந்தே பிறந்தான். 1976 தொடக்கத்துல அவர் அதைப் பத்தி 'கார்டியன்' பத்திரிகையில எழுதினார். கடிதங்கள் வந்து குவிஞ்சுது. 1978இல் தொடங்கின அமைப்புதான் பிற்காலத்துல 'சாண்ட்ஸ்'னு பேர் வாங்கினது. குழந்தையைப் பார்க்கணுமா, கையில வாங்கிக்கணுமா, பேர் வைக்கணுமா, அடக்கத்தை யார் செய்யணும்னு பெத்தவங்ககிட்டயே கேட்கிற பழக்கம், 80கள்ல மெல்ல மெல்ல வந்துச்சு. அயர்லாந்துல தனிப் பதிவேடு 1995இல்தான் வந்துச்சு. நம்ம நாட்டுல 1969 பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்துலயே 'பிறப்பு'ன்னா உயிரோட பிறந்ததும் இறந்தே பிறந்ததும் ரெண்டும்தான்னு இருக்கு. காகிதத்துல நாம முந்திக்கிட்டோம். வார்டுல என்ன நடக்குதுன்றது தனி எபிசோடுக்கான விஷயம்.

இங்கிலாந்துல அதுக்கப்புறம் நடந்த ஒண்ணைச் சொல்லிட்டு முடிச்சுக்கிறேன். எழுபது எண்பது வயசு ஆன பெண்கள் விசாரிக்க ஆரம்பிச்சாங்க. "1961ல என் பிள்ளையை எங்கே வெச்சீங்க?" ஆஸ்பத்திரிக் கோப்புகள் பெரும்பாலும் அழிஞ்சு போச்சு. ஆனா இடுகாட்டு அடக்கப் பதிவேடுகளை அழிக்கக் கூடாது. அதுல தேதி இருக்கும், பிளாட் நம்பர் இருக்கும், குழந்தையோட பேருக்குப் பதிலா 'இன்னாரோட இறந்து பிறந்த குழந்தை'ன்னு குடும்பப் பேர் இருக்கும். இடுகாட்டு ஆபீஸ் ஊழியர் பக்கம் பக்கமா விரல் வெச்சுத் தேடி, ஒரு வரைபடத்தை எடுத்துக்கிட்டு, அந்தம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போவார். பல சமயம் அது வெறும் புல்தரை. அதே குழியில இன்னும் பத்துப் பதினஞ்சு குழந்தைங்க இருக்கும். சிலர் அங்க ஒரு கல் வைக்க அனுமதி கேக்கிறாங்க. அறுபது வருஷத்துக்கு முன்னாடி மனசுக்குள்ள வெச்ச பேரைக் கல்லுல வெட்டச் சொல்றாங்க. கூட வர்ற மகனுக்கோ மகளுக்கோ, தனக்கு ஒரு அண்ணனோ அக்காவோ இருந்ததே அன்னிக்குத்தான் தெரிய வருது.